நாய் குறுக்கே வரவில்லை

பிரபு,

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு உன்னிடமிருந்து வந்த குறுஞ்செய்தியில் மூன்று சொற்கள் இருந்தன. “நேத்து நாலு. குட்.” நான் தூங்கிய நேரத்தில் மணிக்கு நான்கு முறை என் மூச்சு நின்று மீண்டது என்று அதற்குப் பொருள். என் மூக்கை மூடியிருக்கும் மாஸ்க்கிலிருந்து ஒரு குழாய் கட்டிலோரத்து மிஷினுக்குப் போகிறது. அந்த மிஷின் காற்றை அழுத்தி அனுப்பி என் தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. விடிந்ததும் கணக்கை உன் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. உத்திரமேரூரில் என் மூச்சு எத்தனை முறை நின்றது என்பது, நான் முகம் கழுவுவதற்கு முன்பே கூடுவாஞ்சேரியில் உனக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்றரை வருடமாக இப்படித்தான். இந்த ஒன்றரை வருடத்தில் நீ இந்த வீட்டுக்கு வந்தது இரண்டு முறை. அந்தக் கணக்கை எந்த மிஷினும் யாருக்கும் அனுப்புவதில்லை.

நான் எதற்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தியின் முதல் பத்தியிலேயே விஷயம் இருக்க வேண்டும் என்று முப்பது வருடம் தாலுகா நிருபராக இருந்து பழகியவன் நான். ஏற்கெனவே ஒரு பத்தி தாமதம். நீ தூக்கச் சோதனைக்குப் போக வேண்டும். உனக்கும் என் நோய் இருக்கிறது. உன் மனைவி கவிதா இரண்டு வருடமாகச் சொல்கிறாள், நீ சிரிக்கிறாய். தினமும் ஒரகடத்துக்கு வேலைக்குக் காரில் போய் வருகிறாய். போன வாரம் அந்தக் கார் சாலை நடுவில் இருக்கும் தடுப்பில் உரசியது. இதை உன் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கலாம். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வரும், அதோடு முடிந்துவிடும். அதனால் எனக்குத் தெரிந்த பத்திரிகை ஆசிரியரிடம் இடம் கேட்டு அச்சில் எழுதுகிறேன். அச்சில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. நான் அச்சில் சொன்ன ஒரு பொய்யை அச்சிலேயே திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு முன் மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த மிஷின் என்னிடம் வந்த கதையை நீ மறந்திருப்பாய். ஒரு தீபாவளிக்கு உங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துச் சோபாவில் கண் அயர்ந்தவனைக் கவிதா தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். “மாமா, மூச்சு நின்னு போச்சு மாமா. அவருக்கு நிக்கிற மாதிரியே நிக்குது” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அன்று மாலையே உன்னிடம், ரெண்டு பேரும் போய்ச் சோதனை பண்ணிக்கினு வந்துடுங்க என்று கெஞ்சினாள். நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “மொதல்ல நைனாவுக்குப் பாக்கலாம். அவருதான் வயசானவரு” என்றாய். நானும் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குச் சோதனை செய்து டாக்டரம்மா மிஷின் எழுதிக் கொடுத்தார். அவள் உனக்காகக் கேட்டதை நீ என் முகத்தில் மாட்டிவிட்டாய் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

முதல் மாதம் எல்லாம் சரியாக இருந்தது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு எண் ஏறியது. எட்டு, பன்னிரண்டு, பதினெட்டு. எழும்போது வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். பகலில் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் இரண்டாவது பத்தியில் தலை சாயும். உன்னிடமிருந்து ஒவ்வொரு நாளும் ஓர் உத்தரவு வந்தது. ஃபில்டரை மாற்று என்றாய், மாற்றினேன். தண்ணீர் டப்பாவில் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்று என்றாய், ஊற்றினேன். கரண்ட் ஏறி இறங்குகிறது, அதனால்தான் என்றாய். மின்சார அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன், அங்கே இருந்தவர்கள் பழைய நிருபர் என்ற மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஸ்ட்ராப்பை இறுக்கு என்றாய். ஒரு பொத்தல் இறுக்கினேன், இன்னொரு பொத்தல் இறுக்கினேன், மூக்குத் தண்டின் மேல் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. எந்த நாள் எந்தப் பொத்தல், என்ன சாப்பிட்டேன், மல்லாந்து படுத்தேனா ஒருக்களித்தேனா என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஒன்றைத் தவிர எல்லாம் அதில் இருக்கிறது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ போன் பண்ணி, “நைனா, மிஷின் முன்னாடி ரெண்டு பட்டன் கீதுல்ல, ரெண்டையும் சேத்து அமுக்கிப் புடிங்க. விடாதீங்க” என்றாய். வேறொரு பக்கம் திறந்தது. டாக்டர்கள் மட்டும் பார்க்க வேண்டிய பக்கம் அது என்று அதிலேயே எழுதியிருந்தது. “டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுடலாமாடா?” என்றேன். “அந்தம்மா இன்னா சொல்லப் போறாங்க? இதயேதான் சொல்லுவாங்க. நெட்ல அவன் அவன் போட்டுக்கினு கீறான். பிரஷரு பத்துல கீது பாருங்க, அத பதினாலு ஆக்குங்க.” ஆக்கினேன். உன் தொழிற்சாலையில் ஒரு பாகம் அளவு தப்பி வந்தால் இப்படித்தான் எதையாவது ஏற்றி இறக்கிச் சரிசெய்வாய் போலிருக்கிறது. அதன்பின் மாஸ்க்கின் ஓரத்தில் காற்று சீறியது. எண் இருபத்தைந்தைத் தாண்டியது. நீ எனக்கு அனுப்பியது: “நைனா, மாஸ்க்க ஒழுங்கா போடுங்க.”

காஞ்சிபுரத்தில் நமக்கு அந்த மிஷினைக் கொடுத்த கடையிலிருந்து ஷாஹிதா என்ற பெண் வந்தாள். நம் ஊர்ப் பெண்தான், பஸ் நிலையம் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாயின் மகள். வந்தது மதியம் இரண்டு மணி. மூக்கிலிருந்த புண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், மாடு கட்ற மாதிரி கட்டி வச்சிக்கினு கீறீங்க” என்றாள். ஸ்ட்ராப்பைத் தளர்த்தி, மாஸ்க்கை வைத்து, காற்றை ஓடவிட்டாள். எங்கும் கசியவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கினாள். “இப்ப நல்லாத்தான கீது. தூங்கறப்ப எப்பிடிப் படுப்பீங்களோ அப்பிடியே படுங்க, பாக்கலாம்.” படுத்தேன். அப்போதும் கசியவில்லை. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது.

“அது இன்னா டப்பா சார்?”

“மாத்திர டப்பாம்மா.”

“தண்ணியில போட்டு வெக்கிற மாத்திரையா?” என்றாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எங்க தாத்தாவும் இப்பிடித்தான் சார், ஒளிச்சி ஒளிச்சி வெப்பாரு. கழட்டுங்க.”

மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றி அவள் முன்னால் டப்பாவில் போட்டேன். உன்னைப் பெற்றவளைத் தவிர வேறு எந்தப் பெண்ணின் எதிரிலும் நான் அவ்வளவு கூசியதில்லை. பல் இல்லாமல் படுத்ததும் கன்னம் உள்ளே போயிற்று, உதடு பிரிந்தது, மாஸ்க்கின் இரண்டு ஓரமும் சீறின. “ஆஸ்பத்திரில அளவு எடுத்தப்ப பல்லு மாட்டிக்கினு இருந்தீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். “அளவு எடுத்தது ஒரு மூஞ்சிக்கி, தூங்கறது வேற மூஞ்சி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்ளோ பேஜார் இல்ல சார்.” சின்ன அளவு மாஸ்க் ஒன்றும், தாடையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை ஒன்றும் கொடுத்தாள். பிறகு மிஷினைக் கையில் எடுத்து எதையோ தட்டிப் பார்த்தாள், முகம் மாறியது. “பிரஷர யாரு ஏத்துனது? இத நான் தொட மாட்டேன். இன்னைக்கே டாக்டரம்மாவப் போய்ப் பாருங்க.”

டாக்டரம்மா அந்தக் கணக்கைக் கணினியில் விரித்துக் காட்டினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள். மூச்சு இரண்டு விதமாக நிற்கும். தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைப்பதால் நிற்பது ஒன்று. அதற்குத்தான் இந்த மிஷின். வழி திறந்தே இருந்தும், மூச்சை இழு என்ற உத்தரவை மூளை சற்று நேரம் அனுப்பாததால் நிற்பது இன்னொன்று. சிலருக்கு அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் இந்த இரண்டாவது வகை வரும். எனக்கு வந்திருந்தது. முதல் மாதம் பல்லோடு படுத்தேன், ஈறு வலித்துக் கழற்றத் தொடங்கிய பிறகு முதலில் ஏறிய எண் காற்று கசிந்ததால். பிறகு ஏறிய எண் நீ ஏற்றிய அழுத்தத்தால். இரண்டையும் ஒன்றாக எண்ணி உன் கைப்பேசி ஒரே எண்ணாகக் காட்டியது, நீ அந்த ஒரே எண்ணைப் பார்த்து என்னை அதட்டினாய். இதயம் பலவீனமானாலும் மூச்சு இப்படித் தாறுமாறாகும் என்று சொல்லி எக்கோவும் எடுக்கச் சொன்னார். இதயம் நன்றாக இருந்தது. கடைசியில் கேட்டார், “உங்க பையன் டாக்டரா?” இல்லை, கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறான் என்றேன். “அப்போ அவரைக் காரைப் பாக்கச் சொல்லுங்க” என்றார். அழுத்தத்தைப் பழையபடி பத்துக்கு இறக்கினார். இரண்டு மூன்று வாரத்தில் எண் நாலுக்கு வந்தது. இன்று காலை நீ குட் என்று சொன்ன நாலு அதுதான்.

அழுத்தத்தை ஏற்றச் சொன்னது உன் தவறு. பல்லை மறைத்தது என் தவறு. நோட்டில் எல்லாவற்றையும் எழுதியவன் அதை ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கலாம். அந்தப் பல் எப்படிப் போயிற்று என்பது வரை போக வேண்டியிருக்கும் என்பதால் எழுதவில்லை. ஏரி வளைவில் வண்டியிலிருந்து விழுந்தபோது முன்பல் நான்கு போயின. அது உனக்குத் தெரியும். அப்போது ஆட்டம் கண்ட மற்றவை அடுத்த சில வருடங்களில் ஒவ்வொன்றாகப் போயின. உன் அம்மா இறந்த பிறகுதான் செட்டுக் கட்டினேன். அது உனக்குத் தெரியாது, நீ பார்க்கவில்லை. அந்த விபத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்ன கதை. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு முடித்து நானும் அம்மாவும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில், இரண்டரை மணி இருக்கும். ஊருக்குள் நுழைவதற்கு முன் ஏரிக்கரையை ஒட்டித் திரும்பும் வளைவில் விழுந்தோம். எனக்குப் பல், அவளுக்கு இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரிக்கு வந்த ஏட்டு, “இன்னா சார் ஆச்சு?” என்றார். “நாய் குறுக்க வந்துடுச்சு” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அம்மா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். ஏட்டு அவள் பக்கம் திரும்பியதும், “வெள்ள நாயிங்க” என்றாள். நான் நாய் என்றுதான் சொன்னேன். அதற்கு நிறம் கொடுத்தது அவள்.

மறுநாள் வாய் வீங்கிய நிலையில் அந்தச் செய்தியை நானே எழுதி அனுப்பினேன். நாய் குறுக்கே வந்ததால் வண்டி கவிழ்ந்து செய்தியாளரும் மனைவியும் காயம் என்று மாவட்டப் பக்கத்தில் வந்தது. நாய் எதுவும் வரவில்லை, பிரபு. நான் வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். அதற்கு முன்னும் பலமுறை அப்படித் தூங்கி விழித்திருக்கிறேன். பேருந்து, லாரி, வேன் என்று எத்தனையோ விபத்துச் செய்தி எழுதியவன் நான். ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததாகக் கூறப்படுகிறது என்ற வரியைக் கை தானாக எழுதும். ஒரு முறையாவது அந்த ஓட்டுநரின் வீட்டுக்குப் போய், அவர் குறட்டை விடுவாரா, மூச்சு நிற்குமா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவாரா என்று அவர் மனைவியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் வீட்டிலும் ஒருத்தி அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்திருக்கும். அவள் சொல்லத்தான் செய்தாள். “நீ தூங்கறியா சாவறியான்னே தெரியல, ஒரு டாக்டராண்ட காமி” என்று எத்தனை முறை சொன்னாளோ. ஆம்பள தூங்கினால் குறட்டை வரத்தான் செய்யும் என்று அவள் வாயை அடைத்தேன்.

இடுப்பு கூடிய பிறகும் அவள் இடது காலை இழுத்துத்தான் நடந்தாள். உறவுக்காரர்கள் வந்து கேட்கும்போதெல்லாம் நாய்க் கதையை அவளே சொல்வாள், என்னைவிட நன்றாகச் சொல்வாள். ஒரே ஒரு முறை, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “ஓட்டிக்கினே தூங்கிட்டேன்னா கேஸு உன் மேலதான வரும்? பையன் காலேஜ்ல கீறான். பேப்பர்ல உன் பேரு வேற கீது” என்றாள். முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, “உன் தல தொங்குச்சு. தோள்ல தட்டுனேன். மறுபடியும் தட்டுனேன். நீ முழிக்கல” என்றாள். அதோடு விட்டுவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். வியாழக்கிழமை பகலில் கவிதா போன் செய்தாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். “மாமா, கார் தடுப்புல உரசிடுச்சு. பாப்பாவ டான்ஸ் கிளாஸ்லருந்து கூட்டிக்கினு வரப்போ. யாருக்கும் ஒண்ணும் ஆவல” என்றாள். எப்படி என்று கேட்டேன். “நாய் குறுக்க வந்துச்சாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பாப்பாவக் கேட்டேன் மாமா. எந்த நாயின்னு கேக்குறா.”

நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பல் டப்பாவைக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது, ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. நீ வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். லாரிக்காரன் உரசினான் என்றிருக்கலாம், டயர் வழுக்கியது என்றிருக்கலாம். இந்த வீட்டில் வருடக்கணக்காகக் கேட்ட நாய்தான் உனக்கும் வாயில் வந்திருக்கிறது. என் வேலையை நீ எடுக்கவில்லை, என் ஊரை எடுக்கவில்லை, எனக்கு அதில் வருத்தம்கூட இல்லை. நான் செத்த பிறகு உனக்கு என்று விட்டுப் போக நினைத்தவற்றில் இந்த நாய் இல்லை. அதை நீ முன்னாலேயே எடுத்துக்கொண்டாய்.

கவிதாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். உன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை மருமகளிடம் சொன்னேன். இதை எழுதட்டுமா என்று கேட்டேன், அவள் பேச்சை அவளைக் கேட்காமல் அச்சில் ஏற்றும் உரிமை எனக்கில்லை. “எழுதுங்க மாமா. நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அவரு ஆபீஸ்ல நாலு பேரு படிச்சிட்டுக் கேட்டாத்தான் அவருக்கு ஒறைக்கும்” என்றாள். நீ அவமானப்படுவாய். படு. நான் என் பல் செட்டை இந்த மாவட்டம் முழுக்கக் காட்டிவிட்டேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை அதிகம் இல்லை. சோதனைக்குப் போகும்போது எதையும் மறைக்காதே, சிக்னலில் தூங்குவதைச் சொல், மீட்டிங்கில் தூங்குவதைச் சொல். மிஷின் கொடுத்தால் நெட்டில் படித்து அதன் பட்டனை அமுக்காதே. அதுவரை ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போ. பாப்பாவை நீ காரில் ஏற்றக் கூடாது. இது கெஞ்சல் இல்லை. கார்ச் சாவியைக் கவிதா எடுத்து வைத்துவிட்டாள், நான்தான் எடுக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். ஷாஹிதாவிடம் கேட்டு, மிஷின் உனக்குக் கணக்கு அனுப்புவதை இன்று நிறுத்திவிட்டேன். டாக்டரம்மாவுக்குக் கணக்கை மாதா மாதம் நானே கொண்டுபோய்க் காட்டுவேன். நாளைக் காலை உனக்கு எண் வராது. என் மூச்சு ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் போன் செய், நான் எடுத்தால் ஓடுகிறது. உன் சோதனை முடிவு உன் கையால் எனக்கு வரும் நாளில் என் எண் மறுபடி உனக்கு வரும்.

ஆசிரியரிடம் கடைசிப் பத்தியை மட்டும் கட்டம் கட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருடத்தில் மற்றவர்கள் தவறுக்கு நிறையத் திருத்தம் எழுதியிருக்கிறேன், எனக்கு இதுதான் முதல்.

திருத்தம்: உத்திரமேரூர் ஏரி வளைவில் நாய் குறுக்கே வந்ததால் இருசக்கர வாகனம் கவிழ்ந்து, செய்தியாளரும் அவர் மனைவியும் காயமடைந்ததாகப் பல ஆண்டுகளுக்கு முன் வெளியான செய்தி தவறு. நாய் எதுவும் வரவில்லை. ஓட்டியவர் தூங்கிவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் இரண்டு முறை அவர் தோளில் தட்டினார்.